எடை குறைந்த ஃபிரேமிங் சுத்தியல்: நெடுநாள் உழைப்பதைப் பார்த்து வாங்க முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவிலும் கனடாவிலும் மரச்சட்டம் நிறுத்தி வீடு கட்டுகிறவர்கள் இடுப்பில் தொங்கவிட்டிருக்கும் சுத்தியல்தான் ஃபிரேமிங் சுத்தியல். பட்டறைத் தச்சர் வைத்திருக்கும் ஆணிபிடுங்கிச் சுத்தியலைவிட இதன் பிடி நீளம். தலையின் பின்பக்கக் கவை வளைந்து இறங்காமல் கிட்டத்தட்ட நேராக நீண்டிருக்கும். பழைய ஸ்டீல் ஃபிரேமிங் சுத்தியல்களின் தலை எடை 20 முதல் 32 அவுன்ஸ் வரை, அதாவது 570 கிராமிலிருந்து 900 கிராம் வரை போகும். இப்போது 14, 15, 16 அவுன்ஸ் தலைகளே அதிகம் பேசப்படுகின்றன. முழங்கை வலியோடு வேலையை விட்டவர்களைப் பார்த்த எவருக்கும் இதன் காரணம் புரியும்.

ஆனால் எடை குறைந்த சுத்தியல் என்று கேட்டால் கடையில் மூன்று வகைச் சரக்கு வரும்: நல்ல உலோகத்தால் எடை குறைந்தது, நல்ல வடிவத்தால் எடை குறைந்தது, வெறுமனே உலோகத்தை மிச்சம்பிடித்ததால் எடை குறைந்தது. மூன்றாவதை ஒதுக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

படி 1: முதலில் ஆணிக் கணக்கு

சுத்தியலைத் தூக்கிப் பார்ப்பதற்கு முன்னால் எந்த ஆணியை, எந்த மரத்தில், ஒரு நாளைக்கு எத்தனை அடிக்கப் போகிறீர்கள் என்று எழுதிக்கொள்ளுங்கள். வட அமெரிக்கச் சட்ட வேலையில் சுவருக்கு ஓடும் ஆணி பெரும்பாலும் 16 பென்னி சிங்கர் (பென்னி என்பது ஆணியின் நீளத்தைச் சொல்லும் பழைய எண், சிங்கர் என்பது வழுக்கி இறங்கப் பூச்சுப் பூசிய ஆணி). நீளம் 3¼ அங்குலம், தண்டின் கனம் 0.148 அங்குலம் (3.76 மி.மீ.). ‘2×4’ சட்டத்தின் உண்மையான அளவு 1½ × 3½ அங்குலம்தான். ஆகவே இந்த ஆணி மேல் பலகையின் 1½ அங்குலத்தைத் தாண்டி, நிற்கும் சட்டத்துக்குள் 1¾ அங்குலம் போய் உட்காரும். இதையே 16 பென்னி காமன் ஆணியாக, அதாவது சாதாரண ஆணியாக வாங்கினால் 3½ அங்குல நீளம், 0.162 அங்குலக் கனம். கையால் அடிக்கும்போது இந்தச் சிறு வித்தியாசம் தோளில் நன்றாகத் தெரியும். ஜாயிஸ்ட் ஹேங்கர் என்னும் தகட்டுத் தாங்கிக்கு 0.148 கனத்தில் 1½ அங்குலக் குட்டை ஆணி பல இடங்களில் போதும். கூரைப் பலகைக்கு 8 பென்னி, அதாவது 2½ அங்குலம்.

இன்னொரு கேள்வி: காற்றழுத்தத்தால் ஆணி அடிக்கும் ஏர் கன் இருக்கிறதா? பெரிய தளங்களில் பெரும்பாலான ஆணியை கன்தான் அடிக்கிறது. சுத்தியலுக்கு மிஞ்சுவது ஹேங்கர் ஆணி, கன் நுழையாத மூலை, பாதி இறங்கி நிற்கும் ஆணியைத் தட்டி முடிப்பது, தப்பாக அடித்ததைப் பிடுங்குவது, கோட்டைவிட்டு விலகிய சட்டத்தைத் தட்டி ஒதுக்குவது. இப்படிப்பட்டவருக்கு 14 முதல் 16 அவுன்ஸ் தாராளம். கன் இல்லாமல் 16 பென்னி ஆணியை நாள் முழுக்கக் கையால் அடிப்பவருக்கு 15–16 அவுன்ஸ் டைட்டானியம் அல்லது 19–20 அவுன்ஸ் ஸ்டீல். 28 அவுன்ஸ் தலையை இன்றைக்குப் புதிதாக வாங்க நியாயமான காரணம் எதுவும் எங்களுக்குத் தெரியவில்லை.

படி 2: எடையா, வேகமா?

ஆணியை இறக்கும் ஆற்றல் எடையோடு நேராகவும் வேகத்தோடு இருமடியாகவும் கூடும். 22 அவுன்ஸ் (624 கிராம்) தலை நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் வந்தால் ஆற்றல் சுமார் 31 ஜூல். அதே வேகத்தில் 15 அவுன்ஸ் (425 கிராம்) தலை 21 ஜூல்தான் தரும். ஆனால் வேகம் 12.1 மீட்டராக ஏறினால் அதுவும் 31 ஜூலைத் தொட்டுவிடும். அதாவது 21 சதவீதம் கூடுதல் வேகம் வேண்டும். தலை லேசானதால் கொஞ்சம் வேகம் தானாக வரும், மிச்சம் நீளமான பிடியால் வரும். குட்டைப் பிடியில் லேசான தலையைப் போட்ட சுத்தியல் ஏமாற்றுவது இங்கேதான்: தட்டிக்கொண்டே இருப்பீர்கள், ஆணி இறங்காது.

இந்தக் கணக்கின் மறுபக்கத்தை விளம்பரத்தில் சொல்ல மாட்டார்கள். ஆற்றல் சமமானாலும் உந்தம் சமமாகாது. மேலே சொன்ன கணக்கில் கனமான தலையின் உந்தம் 6.2, லேசானதன் உந்தம் 5.1. ஆணி இறங்குவதில் இது அவ்வளவாகத் தெரியாது. ஆனால் நிறுத்திய சட்டத்தை அரை அங்குலம் நகர்த்தத் தட்டும்போது லேசான தலை துள்ளித் திரும்பும், சட்டம் அசையாது. அந்த வேலைக்கு மூன்று பவுண்டு குட்டைச் சம்மட்டி ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்வதே சரி. லேசான சுத்தியலால் வெறிகொண்டு அடித்துப் பிடியை உடைப்பவர்களில் பாதிப்பேர் அதை இந்த வேலைக்குப் பயன்படுத்தியவர்களாகவே இருப்பார்கள்.

டைட்டானியம் உங்கள் அடியில் 97 சதவீதத்தை ஆணிக்குக் கொடுக்கும், ஸ்டீல் 70 தான் கொடுக்கும் என்றொரு பேச்சு கடைகளில் சுற்றுகிறது. எந்த ஆணி, எந்த மரம், எந்த வேகம் என்று சொல்லாத சதவீதத்தை நம்பிப் பணம் போடாதீர்கள்.

படி 3: தலையின் உலோகம்

காய்ச்சியடித்த ஸ்டீல், அதாவது சூடாக்கி அச்சில் அடித்து உருவாக்கிய ஸ்டீல்தான் இன்றைக்கும் விலைக்கேற்ற சரக்கு. ஆணியில் படும் முகத்தையும் பின்பக்கக் கவையையும் மட்டும் கடினமாக்கி, நடுப்பகுதியைச் சற்று மென்மையாக விட்டிருப்பார்கள். எல்லாம் கடினமானால் தலை உடையும், எல்லாம் மென்மையானால் முகம் காளான்போல விரியும். அச்சு வார்ப்பில் ஊற்றி எடுத்த மலிவுத் தலையில் இந்த வேறுபாடு இருக்காது. தலையின் நடுவே அரைத்து மறைக்கப்படாத மெல்லிய கோடும், சொரசொரப்பான மணல் பரப்பும், தடித்த வண்ணப் பூச்சும் சேர்ந்து தெரிந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

பிடியும் தலையும் ஒரே ஸ்டீலாக வருவதற்கு நல்ல உதாரணம் எஸ்ட்விங் நிறுவனத்தின் சுத்தியல். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தின் ராக்ஃபோர்டில் 1923 முதல் செய்கிறார்கள். தலை கழன்று பறக்கிற பேச்சே கிடையாது. ஆனால் அடியின் அதிர்வு நேராகக் கைக்கு வரும், பிடி ஸ்டீல் என்பதால் மொத்த எடையும் கூடும். ‘22 அவுன்ஸ்’ என்று பொறித்திருப்பது தலையின் எடை மட்டுமே.

டைட்டானியத்தின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 4.5 கிராம், ஸ்டீலுக்கு 7.85. ஒரே பருமனில் தலை கிட்டத்தட்ட பாதியாக எடை குறையும். விறைப்பும் ஸ்டீலில் பாதிக்குச் சற்று மேல்தான், அதனால் அதிர்வு மழுங்கிக் கைக்கு வரும். இதற்கு நீங்கள் கொடுக்கும் விலை, முகத்தின் தேய்மானம். டைட்டானியக் கலவை கடினமாக்கிய ஸ்டீல் அளவுக்குக் கடினமில்லை. வரிவரியாக வெட்டிய முகம் ஓராண்டு கனமான வேலையிலேயே வழுவழுப்பாகிவிடலாம். எனவே டைட்டானியம் வாங்குவதானால் ஸ்டீல் முகத்தைத் தனியே மாற்றக்கூடிய வகையைத் தேடுங்கள். ஸ்டிலெட்டோ நிறுவனத்தின் டைபோன் அந்த வகை. மார்ட்டினெஸ் நிறுவனத்தின் சுத்தியலில் பிடிதான் டைட்டானியம், தலை ஸ்டீல். தலையே பிடியிலிருந்து கழன்று வரும், வேறு ஸ்டீல் தலை போட்டுக்கொள்ளலாம். இவற்றின் விலை 200 டாலரைத் தாண்டும். நல்ல ஸ்டீல் சுத்தியல் 30 முதல் 50 டாலருக்குள் கிடைக்கும். வாரம் ஐந்து நாள் சுத்தியல் பிடிக்காதவருக்கு இந்த வித்தியாசம் திரும்ப வராது.

இடைவழி ஒன்று உண்டு: 14, 15 அவுன்ஸ் ஸ்டீல் தலை, குழாய்போல உள்ளே வெற்றிடமுள்ள அல்லது நடுவில் உலோகம் குறைத்த நீள ஸ்டீல் பிடி. டைட்டானியத்தின் மென்மை இராது. ஆனால் முகம் தேயாது, விலையும் பாதிக்குக் கீழே.

படி 4: முகம்

வரிமுகம், வழுமுகம் என்று இரண்டு. வரிமுகத்தில் வாஃபிள் பலகாரம்போலச் சிறு சதுரப் பற்கள் இருக்கும். சிங்கர் ஆணியின் தலையிலும் அதேபோலக் கட்டம் போட்டிருப்பார்கள். இரண்டும் கோத்துக்கொள்வதால் சற்றுக் கோணலாக விழுந்த அடியும் வழுக்காது. உள்ளே மறையப்போகும் சட்ட வேலைக்கு இதுதான். வெளியே தெரியும் மரத்தில் ஒரே அடியில் கட்டம் பதிந்துவிடும், விரலில் பட்டால் தோலையும் எடுத்துக்கொள்ளும். டெக் என்னும் வெளி மரத்தளம், படிக்கட்டு, வெளிப்பலகை எல்லாம் செய்கிறவர் வழுமுகமே வாங்கட்டும்.

வழுமுகத்தின் விளிம்பு ஓரமாகச் சரிந்திருக்க வேண்டும். கூர்மையான விளிம்பு இருந்தால் ஓர அடியில் சில்லு தெறிக்கும். முகத்தை அரைத்துச் சமன்படுத்துகிறேன் என்று அந்தச் சரிவை அழித்துவிடுகிறவர்கள் பலர். கண்ணுக்கு ஆபத்து.

படி 5: பிடி

நீளம் முதலில். 16 அங்குலம் பொதுவாகப் பொருந்தும். 17, 18 அங்குலம் வேகம் தரும், ஆனால் நடுவுக்கு நடு 16 அங்குலம் வைத்து நிறுத்திய சட்டங்களுக்கு இடையே உள்ள வெற்றிடம் 14½ அங்குலம்தான். அதற்குள் குறுக்காகச் சுத்தியலை வீசவே முடியாது, பிடியைப் பாதியில் பற்றித் தட்ட வேண்டியிருக்கும். மேடையிலும் தரையிலும் சுவர் அடிக்கிறவருக்கு 18, சுவர்களுக்கு இடையே வேலை செய்கிறவருக்கு 16.

பருமனைக் கையாலேயே அளக்கலாம். பிடியைச் சுற்றி விரல்களை மூடினால் நுனிகள் உள்ளங்கையின் அடிமேட்டை லேசாகத் தொட வேண்டும். புதைந்தால் மெலிசு, இறுக்கிப் பிடித்துப் பிடித்தே முன்கைத் தசை வலிக்கும். தொடாமல் நின்றால் பருமன், கை மரத்துப்போகும். முழங்கையின் வெளிப்புறத்தில் வரும் டென்னிஸ் எல்போ வலிக்கு அதிர்வைவிட இந்த இறுக்கிப் பிடித்தலே பெரிய காரணம் என்பது எங்கள் கணிப்பு.

பொருளில் மூன்று: ஹிக்கரி மரம், ஃபைபர், உலோகம். அதிர்வைத் தின்பதில் ஹிக்கரிக்கு ஈடில்லை, உடைந்தால் மாற்றலாம். ஆனால் எல்லா ஹிக்கரியும் ஒன்றல்ல. பிடியின் அடிநுனியைப் பாருங்கள். ஆண்டு வளையக் கோடுகள் முகத்திலிருந்து கவைக்குப் போகும் திசையிலேயே ஓட வேண்டும், குறுக்கே கிடக்கக் கூடாது. அதைவிட முக்கியம் பக்கவாட்டு ரேகை. தலையிலிருந்து அடிவரை நீளமாக ஓடாமல் நடுவில் விளிம்பைத் தாண்டி வெளியே போகும் ரேகை உள்ள பிடி, அந்த இடத்திலேயே சாய்வாகப் பிளக்கும். கணு இருக்கவே கூடாது. அடர்ந்த வார்னிஷ் பூசிய பிடியில் ரேகை தெரியாது, தெரியாததை வாங்காதீர்கள்.

பிடியின் மிக மென்மையான இடம் தலைக்குக் கீழே உள்ள இரண்டு அங்குலம். குறி தவறிய அடியில் மரத்தின் விளிம்பு வந்து அறைவது அங்கேதான். புதிதாக வாங்கிய அன்றே அந்த இரண்டு அங்குலத்தில் பழைய சைக்கிள் டியூபைப் பட்டையாக வெட்டி இழுத்துச் சுற்றி, நுனியைக் கடைசிச் சுற்றுக்குள் செருகிவிடுங்கள். எடை கூடாது, பிடியின் ஆயுள் பல மடங்கு நீளும்.

ஃபைபர் பிடி மழைக்கும் வெயிலுக்கும் அஞ்சாது. தலையோடு பசையால் ஒட்டியிருப்பதால் ஆடத் தொடங்கினால் பெரும்பாலும் அதன் கதை முடிந்தது.

படி 6: கழுத்தும் கவையும்

நேர்க்கவை பலகைகளைப் பிரிக்க, தோண்ட, விழும்போது கூரைச் சட்டத்தைக் கொளுவிப் பிடிக்க என்று எதற்கும் வரும். கவையின் இடுக்கு உள்ளே போகப்போக ஒரு புள்ளியாகக் கூர்ந்து, தலையற்ற ஆணியின் தண்டையும் கவ்வ வேண்டும். கடையில் 3 மி.மீ. ஆணி ஒன்றை நுழைத்துப் பாருங்கள், தொங்கி நிற்க வேண்டும். டைட்டானியப் பிடியில் நெம்பலாம், ஹிக்கரிப் பிடியில் 16 பென்னி ஆணியை ஒரே மூச்சில் நெம்பினால் பிடிதான் போகும். பக்கவாட்டில் ஆணி பிடுங்கும் பள்ளம் இருந்தால் கூடுதல் வசதி. மேலே காந்தமும் பள்ளமும் வைத்து, ஒரே கையால் ஆணியைத் தொடங்க விடும் வசதி உயரத்தில் நின்று வேலை செய்கிறவருக்கு மிகவும் தேவை.

படி 7: கடையில் ஐந்து நிமிடம்

பிடியின் அடியிலிருந்து ஒரு கண்ணை மூடித் தலையை நோக்குங்கள். கவையின் இடுக்கு பிடியின் நடுக்கோட்டில் விழ வேண்டும். விலகியிருந்தால் ஒவ்வோர் அடியும் கோணல். மரப்பிடியானால் தலையின் அடித்துளையைச் சுற்றிலும் பார்வையிடுங்கள். விரல்நகம் நுழையும் இடைவெளி இருந்தால் வேண்டாம். மேலே மர ஆப்பும், அதன் குறுக்கே இரும்பு ஆப்பும் தெரிய வேண்டும்.

அடுத்து தராசு. ‘16 அவுன்ஸ்’ என்று பொறித்த இரண்டு சுத்தியல்களின் மொத்த எடை பிடியின் பொருளால் நிறைய மாறும். நாளெல்லாம் தூக்கப்போவது மொத்தத்தை. பிறகு பிடியின் நுனியைப் பற்றிக் கையைப் பக்கவாட்டில் தொங்கவிட்டு, மணிக்கட்டை மட்டும் அசைத்துத் தலையை மெதுவாகப் பத்து முறை மேலே தூக்கி இறக்குங்கள். ஏழாவதிலேயே மணிக்கட்டு நடுங்கினால் அந்தச் சுத்தியல் உங்களுக்கு இல்லை, பிராண்டு எதுவானாலும்.

எது கெடும், ஏன்?

ஆணி திடீரென்று வளைய ஆரம்பித்தால் கையைக் குறை சொல்லாதீர்கள். சிங்கர் ஆணியின் பூச்சும் மரப் பிசினும் முகத்தில் படிந்து மெழுகுபோலாகியிருக்கும். வழுமுகத்தை 80 எண் உப்புத்தாளில் நாலு தேய் தேய்த்தால் தீரும். வரிமுகத்துக்குக் கம்பித் தூரிகை. டைட்டானிய முகத்தை மட்டும் கிரைண்டரில் வைக்காதீர்கள், அதன் பொடி தீப்பிடிக்கும், பொறி கண்ணைப் பறிக்கும் வெள்ளையாகத் தெறிக்கும். சுற்றிலும் மரத்தூள் கிடக்கும் இடத்தில் இதைச் செய்வதுபோல முட்டாள்தனம் வேறில்லை.

சுத்தியல் முகத்தால் இன்னொரு சுத்தியலின் முகத்தை அடிப்பது, கான்கிரீட் ஆணி அடிப்பது இரண்டும் முகத்தைச் சில்லாக்கும். கான்கிரீட் ஆணி கடினமாக்கிய ஸ்டீல். அதற்கு வேறு சுத்தியல் வைத்துக்கொள்ளுங்கள்.

தலை ஆடினால் வாளித் தண்ணீரில் ஊற வைப்பது எல்லா ஊரிலும் நடக்கிறது. ஊறிய மரம் உப்பும், ஆனால் சுற்றி இரும்பு இருப்பதால் உப்ப இடமில்லாமல் நார்கள் நசுங்கும். காய்ந்தபின் முன்னைவிடச் சுருங்கி அதிகமாக ஆடும். ஊற வைப்பதானால் ஆளிவிதை எண்ணெயில் தலைப்பக்கத்தை ஓரிரவு வைக்கலாம். எண்ணெய் ஆவியாகிப் போகாது. எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானே தீப்பற்றும். விரித்துக் காயவிடுங்கள்.

உடைந்த மரப்பிடியை மாற்றுவது

தலையின் அடியை ஒட்டி ரம்பத்தால் அறுத்து, மிச்சத்தை அடிப்பக்கத்திலிருந்து மேல்பக்கமாகத் தட்டி வெளியேற்றுங்கள். துளை மேலே அகன்றிருப்பதால் எதிர்த்திசையில் வராது. புதுப் பிடியின் நுனியை அரத்தால் சிறிது சிறிதாகக் குறைத்து, தலையை மாட்டிப் பார்த்துப் பார்த்துச் செதுக்குங்கள். இனிக் கவனிக்க வேண்டிய இடம்: சுத்தியலைத் தலை கீழே வரும்படி காற்றில் தொங்கவிட்டு, மேலே இருக்கும் பிடியின் அடியைக் கொட்டாப்புளியால் தட்டுங்கள். தரையில் ஊன்ற வேண்டாம். அடிப்பது ஒரு நுனியில், தலை ஏறுவது மறுநுனியில். தலையின் கனம் அதை நின்ற இடத்திலேயே நிறுத்த, பிடி அதனுள் கீழே புகுந்துகொண்டே போகும். ஒலி மந்தமாக இருந்து ‘டக்’கென்று கெட்டியாகும்போது உட்கார்ந்துவிட்டது.

நுனி 3 மி.மீ. வெளியே நிற்கட்டும். மர ஆப்பில் பசை தடவி, நீளவாக்கில் கீறிய பிளவில் இறக்குங்கள். பிறகு இரும்பு ஆப்பை அதற்குக் குறுக்கே சாய்வாக. ஒரு நாள் விட்டு மீதியை அறுத்து எண்ணெய் தடவுங்கள். ஹிக்கரி கிடைக்காத நம் ஊரில் நன்றாகக் காய்ந்த கருவேலம் போதும். ஈரமான கட்டையை மட்டும் போடக்கூடாது, ஒரே மாதத்தில் சுருங்கித் தலை கழலும்.

சென்ட்ரிங் வேலைக்கு ஆகுமா?

தமிழ்நாட்டுச் சென்ட்ரிங் தளத்தில் அடிப்பது 2½, 3 அங்குலக் கம்பி ஆணி. வேலையில் பாதி பலகையைப் பிரிப்பதும், பிடுங்கிய ஆணியை நிமிர்த்தி மறுபடி பயன்படுத்துவதும். ஆகவே 16 முதல் 20 அவுன்ஸ் ஸ்டீல் தலை, நேர்க்கவை, வழுமுகம் என்று போங்கள். வரிமுகத்தால் ஆணி நிமிர்த்த முடியாது, தண்டு பல்லில் சிக்கி உருளும். சிமென்ட் ஒட்டிய பலகையைப் பிரிக்கையில் கவையைக் கான்கிரீட்டில் ஊன்றி நெம்புவது வழக்கம். அதற்கு மரப்பிடி தாங்காது, ஒரே துண்டாக அடித்த ஸ்டீல் பிடிதான் தாங்கும். இறக்குமதி டைட்டானியத்தைக் கான்கிரீட் தளத்தில் தேய்ப்பதற்குக் கொடுக்கும் பணத்தில் இரண்டு நல்ல ஸ்டீல் சுத்தியலும் ஒரு கடப்பாரையும் வாங்கலாம்.